தண்ணீர் ஊற்ற வேண்டாத செடி

திருநகரில் அத்தை வீட்டு டிவி மேசையில் ஒரு சின்னத் தொட்டி இருந்தது. அதில் பச்சைப்பசேலென்று, இறகு இறகாக, ஒரு சாண் உயரத்துக்கு ஒரு கொத்து. அத்தை மகள் வெளிநாட்டிலிருந்து வந்தபோது வாங்கிவந்ததாம்.

"ஏத்தா, நீ செடிகொடி, பூச்சிபொட்டெல்லாம் படிச்சவதானே? இதுக்குத் தண்ணியே ஊத்த வேணாமாம், வெயிலும் வேணாமாம். ஆறு மாசமா ஒரு இலை வாடல. அணில் வாலு மாதிரி இல்ல? என்ன செடி இது?" என்று கேட்டார்.

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். செடி பற்றி அரைகுறை. ஆனாலும் ஆறு மாதம் தண்ணீர் குடிக்காத செடி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு சின்னக் கிளையைக் கிள்ளி, பேப்பரில் மடித்து எடுத்துவந்தேன். கல்லூரி ஆய்வகத்தில் தண்ணீரில் போட்டதும் பச்சைச் சாயம் கரைந்து இறங்கியது. கிளையின் உண்மையான நிறம் வெளுத்த பழுப்பு. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இலையும் இல்லை, நரம்பும் இல்லை. நடுவில் ஒரு மெல்லிய தண்டு, அதன் இரு பக்கமும் காம்பே இல்லாமல் ஒட்டிய குட்டிக் குட்டிக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பிலும் இரண்டு பல். எல்லாக் கிண்ணமும் காலி.

"செடி இல்ல அத்தை. கடல்ல இருக்கிற ஒரு பிராணியோட கூடு. பிராணி எப்பவோ செத்துப்போச்சு. கூட்டுக்குப் பச்சைச் சாயம் ஏத்தி வித்திருக்காங்க."

"அடியாத்தி! போன வாரம்தான் பூஜை அலமாரியில வச்சிருந்தேன்."

அத்தையைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பிராணி ஐரோப்பாவின் பெரிய பெரிய அறிஞர்களையே ஏமாற்றியிருக்கிறது. மேலை நாடுகளில் காற்றில் வாழும் பெரணி என்று சொல்லியே இதை விற்கிறார்கள். வட கடலிலிருந்து வலையால் வாரி, காயவைத்து, சாயம் ஏற்றுகிறார்கள். கூடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. இறால் ஓட்டில் இருப்பதும் அதுதான். அதனால்தான் வாடவில்லை.

இந்த வகைப் பிராணிகளுக்கு ஹைட்ராய்டு என்று பெயர். நம் கண்மாயில் பாசியை அள்ளி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தால், சில நேரம் அரை அங்குலத்துக்கும் குறைவான ஒரு இழை, நுனியில் ஐந்தாறு கைகளை விரித்தபடி ஆடும். அதுதான் ஹைட்ரா. ஒரு வாய், ஒரு வயிறு, சுற்றிலும் கொட்டும் கைகள், அவ்வளவுதான் உடம்பு. இந்த அமைப்புக்கு பாலிப் என்று பெயர். நன்னீர் ஹைட்ரா பெரும்பாலும் தனிக்கட்டை. கடலில் இருக்கும் உறவினர்களோ நூற்றுக்கணக்கில் ஒரே தண்டில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். தண்டின் உள்ளே ஒரு குழாய் ஓடி எல்லா வயிற்றையும் இணைக்கிறது. ஒருவர் சாப்பிட்டால் எல்லோருக்கும் போய்ச்சேரும். கூட்டுக் குடும்பம் என்றால் இதுதான் கூட்டுக் குடும்பம்! சில பாலிப்புகள் சாப்பிடவே சாப்பிடாது. இனப்பெருக்கம் மட்டுமே அவற்றின் வேலை.

சரி, இப்போது இரண்டு கேள்விகள். இது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது? இதன் பெயர் என்ன? முதல் கேள்வி வகைப்பாடு, இரண்டாவது பெயரிடல். முதலாம் ஆண்டு மாணவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். வகைப்பாடு என்பது கருத்து. ஆதாரம் மாறினால் மாறும். பெயரிடல் என்பது சட்டம். பத்திரப் பதிவு அலுவலகம் மாதிரி, தேதி, எழுத்து, சாட்சி எல்லாம் பார்க்கும்.

முதலில் வகைப்பாடு. மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி வீதிகள் எப்படி இருக்கின்றன? மதிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதைச் சுற்றி மாசி வீதி, அதற்கும் வெளியே வெளி வீதி. ஒன்றுக்குள் ஒன்று. அத்தை வீட்டுப் பிராணியைச் சன்னிதியில் வையுங்கள், அது சிற்றினம். ஆடி வீதி அதன் பேரினம், செர்டுலேரியா. சித்திரை வீதி அதன் குடும்பம், செர்டுலேரிடே. விலங்குக் குடும்பப் பெயர் எல்லாமே இப்படி 'இடே' என்றுதான் முடியும். ஆவணி மூல வீதி அதன் வரிசை, லெப்டோதெகேட்டா. பாலிப்பைச் சுற்றிக் கிண்ணம் வைத்திருப்பவர்களுக்கான இடம். மாசி வீதி அதன் வகுப்பு, ஹைட்ரோசோவா. கண்மாய் ஹைட்ரா இங்கேதான் வந்து சேர்கிறது. வெளி வீதி அதன் தொகுதி, நிடேரியா. பழைய பாடப்புத்தகத்தில் குழியுடலிகள் என்று படித்திருப்பீர்கள். பவளமும், ராமேஸ்வரம் பக்கம் வலையில் வந்து கையைச் சொறியவைக்கும் சொறி மீனும் இந்த வீதிக்குள்தான். அதற்கும் வெளியே விலங்குலகம் முழுக்க.

இந்த உவமை ஒரு இடத்தில் நொண்டும். மதுரையில் கோயில் ஒன்றுதான் நடுவில் இருக்கிறது. வகைப்பாட்டில் ஒவ்வொரு வீதிக்குள்ளும் பல சின்ன வீதிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் பல சன்னிதிகள். ஹைட்ரோசோவாவில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேல் சிற்றினங்கள் உண்டு. இன்னொன்று: ஹைட்ராய்டு என்பது இதில் எந்த வீதியின் பெயரும் இல்லை. ஹைட்ரோசோவாக்காரர்கள் பாலிப்பாக இருக்கும் பருவத்துக்கு வழக்கத்தில் வந்த பெயர், அவ்வளவே.

இந்தப் பிராணிகள் விலங்கு என்பதை ஆதாரத்தோடு அழுத்திச் சொன்னவர் லண்டன் வணிகர் ஜான் எல்லிஸ். 1755-ல் அவர் வெளியிட்ட நூலில் படம் படமாக வரைந்து காட்டினார். ஒவ்வொன்றுக்கும் பார்த்ததைப் பார்த்தபடி பெயரும் வைத்தார். வெள்ளி போல் மினுங்கும் ஒரு செர்டுலேரியாவுக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? அணில் வால். மேசையில் வைத்த கொத்தைப் பார்த்து அத்தை சொன்னாரே, அதே அணில் வால்.

ஸ்வீடன்காரர் லின்னேயஸ் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. தண்டு செடி, நுனியில் பூத்திருப்பது விலங்கு என்று நடுவழியில் நின்றார். 1758-ல் வந்த தன் 'சிஸ்டெமா நேச்சுரே' பத்தாம் பதிப்பில் இவற்றை 'ஸோஃபைட்டா', அதாவது விலங்குச்செடிகள் என்ற தலைப்பில் போட்டார். அதே புத்தகத்தில் இவற்றுக்கு இரட்டைப் பெயரும் வைத்தார். செர்டுலேரியா என்ற சொல்லுக்கு லத்தீனில் சின்ன மாலை என்ற வேர் இருக்கிறது. இரு பக்கமும் கிண்ணம் கட்டிய தண்டைப் பார்த்தால், மாசி வீதியில் முழம் போட்டு விற்கும் மல்லிகைச் சரம் நினைவுக்கு வரும். லின்னேயஸ் கண்ணுக்கும் மாலையாகத்தான் தெரிந்திருக்கிறது.

அவருடைய வகைப்பாட்டை இன்று யாரும் ஏற்பதில்லை. அவர் வைத்த பெயர்களோ அப்படியே இருக்கின்றன. கருத்து தோற்றாலும் பத்திரம் செல்லும்!

விலங்குப் பெயர்களுக்கான சர்வதேசச் சட்டம் 1758 ஜனவரி 1-ஐத் தொடக்க நாளாக வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய பெயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் செல்லாது. எல்லிஸின் அணில் வால் மூன்று வருஷத்தில் தவறிப்போனது. அந்த நாளுக்குப் பிறகு ஒரே விலங்குக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்திருந்தால், பொதுவாக முந்தியதுதான் செல்லும். பிந்தியது இணைப்பெயர் என்று பட்டியலில் ஓரமாக உட்காரும். இந்தச் சட்டம் விலங்குகளுக்கு மட்டும்தான், செடிகளுக்கு வேறு சட்டம். அதனால் ஒரே சொல் இரண்டு பக்கமும் இருக்கலாம். ஃபைகஸ் என்றால் நமக்கு ஆலமரமும் அரசமரமும். கடலில் ஒரு நத்தைப் பேரினத்துக்கும் ஃபைகஸ் என்றுதான் பெயர். இரண்டும் செல்லும். ஹைட்ராய்டு செடியா விலங்கா என்ற பழைய சண்டை இன்னும் தீராமல் இருந்திருந்தால் எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது என்றே தெரிந்திருக்காது.

இப்போது இரண்டு பெயர்களை அருகருகே எழுதுகிறேன். உற்றுப் பாருங்கள்.

செர்டுலேரியா அர்ஜென்டியா லின்னேயஸ், 1758
ஒபீலியா ஜெனிகுலேட்டா (லின்னேயஸ், 1758)

முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினத்துக்கான அடைமொழி. இரண்டையும் அச்சில் சாய்ந்த எழுத்தில் போடுவது வழக்கம். ரோமன் எழுத்தில் எழுதும்போது பேரினத்துக்கு மட்டும் பெரிய எழுத்தில் தொடக்கம். பின்னால் வருவது பெயர் வைத்தவர், வைத்த வருஷம். ஒரே ஆள், ஒரே வருஷம். ஆனால் ஒன்றில் அடைப்புக்குறி இருக்கிறது, மற்றதில் இல்லை. அச்சுப்பிழை என்று நினைத்து என் மாணவர்கள் இதைத் திருத்திவிடுவார்கள்.

அந்த அடைப்புக்குறிக்குள் ஒரு குடிபெயர்ந்த கதை இருக்கிறது. இரண்டையுமே லின்னேயஸ் 1758-ல் செர்டுலேரியா என்ற பேரினத்தில்தான் வைத்தார். முதலாவது இன்றும் அதே வீட்டில் இருக்கிறது, அடைப்புக்குறி தேவையில்லை. இரண்டாவதை அப்போது செர்டுலேரியா ஜெனிகுலேட்டா என்று எழுதினார். பிற்பாடு பார்த்தவர்கள், இதன் கிண்ணம் மணி வடிவம், வளையம் வளையமான காம்பில் நிற்கிறது, இது செர்டுலேரியாவே இல்லை என்று ஒபீலியாவுக்கு மாற்றினார்கள். அடைமொழி மூட்டையோடு கூடவே வந்துவிட்டது. முதல் சொல் கருத்தோடு மாறும்; இரண்டாவது சொல் கூடவே போகும். முதலில் வைத்தவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் போகும். ஒரு சிறு குறியில் இவ்வளவு சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இந்தச் சட்டத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

ஜெனிகுலேட்டா என்றால் முட்டி முட்டியாக மடிந்தது என்று பொருள். ஸ்லைடில் பார்த்தால் தண்டு கரும்புக் கணு மாதிரி ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு மடிப்பு மடிந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று போகும். மடியும் இடத்தில் கூடு தடித்திருக்கும். பெயரே அடையாளக் குறிப்பு. இதன் உறவினர் ஒபீலியா டைகோட்டோமாவில் அந்தத் தடிப்பு கிடையாது. விலங்கியல் படித்த எல்லோரும் ரெக்கார்டு நோட்டில் ஒபீலியா படம் வரைந்திருப்பார்கள். எந்த ஒபீலியா என்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

ஒபீலியா என்ற முதல் சொல் எங்கிருந்து வந்தது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஒபீலியாவின் வாழ்க்கையில் இரண்டு பருவங்கள். கயிற்றிலோ பாசியிலோ ஒட்டிய மரம் மாதிரியான பாலிப் கூட்டம் ஒன்று. அதிலிருந்து பிரிந்து நீந்திப்போகும் குட்டிக் குடை மற்றொன்று. அந்தக் குடைதான் மெடுசா. விடும்போது கடுகை விடச் சின்னது. வளர்ந்தாலும் சில மில்லிமீட்டர். மெடுசாதான் முட்டையும் விந்தும் போட்டு, அதிலிருந்து மறுபடி பாலிப் கூட்டம் வளரும். பழைய காலத்தில் ஒருவர் பாசியை அலசி மரத்தைப் பார்த்தார், இன்னொருவர் கடல்நீரை வலையில் வடிகட்டிக் குடையைப் பார்த்தார். இரண்டும் ஒரே ஆள் என்று யாருக்கு எப்படித் தெரியும்? அவரவர் ஒரு பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு இயற்கையாளர்கள் பெரோனும் லெஸ்யூரும் 1810-ல் ஒபீலியா என்று பெயர் வைத்தது குடைக்கு. லின்னேயஸ் ஜெனிகுலேட்டா என்று பெயர் வைத்தது மரத்துக்கு. இன்றைய பெயரில் முதல் சொல் குடையிடமிருந்தும் இரண்டாவது சொல் மரத்திடமிருந்தும் வந்திருக்கிறது.

நம் வீடுகளில் குழந்தைக்குக் கூப்பிட ஒரு பெயர், சர்டிஃபிகேட்டில் ஒரு பெயர் இருக்கும். தெருவில் 'குட்டி'யைத் தேடி வருபவருக்கும் பள்ளியில் ராஜேஸ்வரியைத் தேடுபவருக்கும் இரண்டும் ஒரே பெண் என்று தெரியாது. அங்கே இரண்டு பெயரும் செல்லும். விலங்குச் சட்டத்தில் செல்லாது. எந்தப் பருவத்துக்கு வைத்த பெயராக இருந்தாலும் அது முழு விலங்குக்கும் வைத்த பெயர்தான், அதில் முந்தியது நிற்கும். கிளைட்டியா என்ற இன்னொரு ஹைட்ராய்டில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பாலிப் கூட்டத்துக்கு 1856-ல் ஜான்ஸ்டோனி என்ற அடைமொழி வந்தது. அதன் மெடுசாவுக்கு லின்னேயஸ் 1767-லேயே பெயர் வைத்திருந்தார். இரண்டும் ஒன்று என்று தெரிந்ததும் ஜான்ஸ்டோனி ஓரம்போய், கிளைட்டியா ஹெமிஸ்ஃபேரிக்கா நின்றது.

இப்படிப் பருவங்களை இணைத்துப் பார்க்க இரண்டு வழி. ஒன்று, பாலிப்பை ஆய்வகத்தில் வளர்த்து, அது விடும் மெடுசாவை உணவு கொடுத்துக் காப்பாற்றிப் பெரிதாக்குவது. பொறுமை வேண்டும். மற்றொன்று டிஎன்ஏ. ஹைட்ரோசோவாக்காரர்களுக்குப் பெரும்பாலும் 16எஸ் என்ற மரபணுத் துண்டைப் படிப்பார்கள். அதனால்தான் மாணவர்களிடம் மாதிரியை முழுக்க ஃபார்மலினில் போடாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். ஃபார்மலின் உருவத்தைக் காக்கும், டிஎன்ஏவைக் கெடுக்கும். ஒரு துண்டை எத்தனாலில் தனியே வைக்க வேண்டும்.

அப்புறம், லத்தீன் இலக்கணம். அடைமொழி பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். வெப்பக் கடல்களில், தொட்டால் நெருப்பாய்க் கொட்டும் வெள்ளை இறகு போன்ற ஹைட்ராய்டு ஒன்று உண்டு. பழைய நூல்களில் அது லைட்டோகார்பஸ் ஃபிலிப்பினஸ். இன்று மேக்ரோரின்கியா ஃபிலிப்பினா. லைட்டோகார்பஸ் ஆண்பால், மேக்ரோரின்கியா பெண்பால். வீடு மாறியதும் 'னஸ்' போய் 'னா' வந்தது. நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. 'நல்லவன் வந்தாள்' என்று யாராவது எழுதுவோமா? 1872-ல் இதற்குப் பெயர் வைத்த கிர்ஷென்பவர் முழுநேர விஞ்ஞானி இல்லை, ஹாம்பர்க் நகரத்து மேயர். பார்த்த மேயர் வேலைக்கு நடுவே ஹைட்ராய்டுக் கிண்ணங்களையும் எண்ணியிருக்கிறார்.

இந்த மாற்றமெல்லாம் தெரியாவிட்டால் நம் ஊர்ப் பக்கத்துப் பழைய பதிவுகளைப் படிக்கவே முடியாது. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்து முத்துச் சிப்பிப் படுகைகளை ஆராய 1902-ல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஹெர்ட்மன் வந்து சேகரித்தவற்றில் ஹைட்ராய்டுகளும் இருந்தன. அவற்றை லாரா தார்ன்லி என்ற பெண்மணி ஆராய்ந்து 1904-ல் எழுதினார். 1960-களில் மம்மென் என்ற ஆய்வாளர் தென்னிந்திய ஹைட்ராய்டுகளைப் பற்றி மூன்று பகுதிகளாக எழுதினார். அந்தப் பட்டியல்களில் உள்ள பெயர்களை அப்படியே இன்று தேடினால் பல இடங்களில் வழி தவறிவிடும். இணைப்பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

பெயர் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வர்ணனையோடு கட்டப்பட்டிருக்கிறது என்று தோன்றும். இல்லை, ஒரு குறிப்பிட்ட மாதிரியோடு. ஏதோ ஒரு அருங்காட்சியகத்தில் ஜாடியிலோ ஸ்லைடிலோ இருக்கும் அந்த ஒன்றுக்கு வகைமாதிரி என்று பெயர். ஒரு சிற்றினம் உண்மையில் இரண்டு என்று நாளைக்குத் தெரியவந்தால், பழைய பெயர் யாருக்கு? மதுரையில் ஜிகர்தண்டாக் கடைகள் எல்லாமே நாங்கள்தான் ஒரிஜினல் என்று போர்டு வைக்கும். அண்ணன் தம்பி பிரிந்தால் இரண்டு பேரும் பழைய பெயரைத்தான் மாட்டுவார்கள். விலங்கியலில் அந்தச் சச்சரவு இல்லை. வகைமாதிரி எந்தப் பாகத்தில் விழுகிறதோ அந்தப் பாகத்துக்குப் பழைய பெயர், மற்றதற்குப் புதுப் பெயர். எண்ணிக்கை, புகழ் எதுவும் செல்லாது.

கடைசியில் அத்தை வீட்டுக் கொத்துக்கு வருவோம். பேரினம் வரை பிரச்சினை இல்லை: காம்பில்லாத கிண்ணம், விளிம்பில் இரண்டு பல், செர்டுலேரியாதான். சிற்றினம்தான் சிக்கல். வியாபாரத்தில் வருவது அர்ஜென்டியா என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அர்ஜென்டியா என்றால் வெள்ளி நிறத்தவள். ஆனால் குப்ரெஸினா, அதாவது சைப்ரஸ் மரம் போன்றவள், என்று மிக நெருங்கிய ஒன்றும் அதே கடலில் உண்டு. இரண்டும் ஒன்றே என்றும் எழுதியிருக்கிறார்கள், வேறு வேறு என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பெயரும் லின்னேயஸின் அதே 1758 புத்தகத்தில் வந்தவை. ஒன்றே என்று வைத்துக்கொண்டால் எது முந்தியது என்ற கேள்விக்கே இடமில்லை. அதற்கும் சட்டத்தில் வழி உண்டு: இரண்டையும் சேர்த்துப் பார்த்து இதுதான் என்று முதலில் தேர்ந்தெடுத்து எழுதியவர் சொன்னதே தீர்ப்பு.

என் கையில் இருந்ததை வைத்து இரண்டில் ஒன்றைச் சொல்ல முடியவில்லை. கிள்ளிவந்த கிளையில் இனப்பெருக்கக் கூடு ஒன்றுகூட இல்லை. முழுக் கொத்தின் கிளை அமைப்பு தொட்டியில் செருகும்போதே வெட்டுப்பட்டுவிட்டது. எந்தக் கடல், எத்தனை ஆழம், எந்த மாதம் என்று எதுவும் தெரியாது. அட்டைப்பெட்டியில் விலையும் பார்கோடும்தான் இருந்தன. ராமேஸ்வரத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் கடற்கரைப் பக்கம் மாணவர்களைக் கூட்டிப்போகும்போது இடம், தேதி, எதில் ஒட்டியிருந்தது என்று குறிப்பு எழுதாமல் படம் மட்டும் எடுத்துவரும் பிள்ளைகளைத் திட்டுவேன். இந்தக் கொத்தும் அப்படித்தான் வந்திருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் பெயருக்கு நடுவே 'சி.எஃப்.' என்று போடுவது வழக்கம். 'இதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று லத்தீனில் பொருள். செர்டுலேரியா சி.எஃப். அர்ஜென்டியா என்று ஒரு சீட்டில் தமிழிலேயே எழுதி, வாங்கிய தேதியையும் போட்டு, தொட்டியில் ஒட்டிக்கொடுத்தேன்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "இவ்வளவு படிச்சும் முடிவா ஒரு பேரு சொல்ல மாட்டேங்கிறியேத்தா."

"பூத்த கிளையா ஒண்ணு வேணும் அத்தை. சாயம் ஏத்தாததா."

"அப்ப நானே கூப்பிட்டுக்கறேன்" என்று தொட்டியைப் பூஜை அலமாரிக்கு எதிர்ப்பக்கமாக, ஷோகேஸில் தூக்கி வைத்தார். அந்த வீட்டில் இப்போது அதற்குப் பெயர் அணில்வால்தான். 1755-க்குப் போய்விட்டோம்.